பத்தியக்காரியின் பல்பொடி

பிள்ளைகளே,

நீங்கள் மூன்று பேரும் காலையில் விரலை மட்டும் நனைத்துக்கொண்டு வந்து "பல்லு வெளக்கியாச்சு" என்று சொல்வது எனக்குத் தெரியும். அதைக் கண்டிப்பதற்காக இதை எழுதவில்லை. போன வாரம் சாப்பிடும்போது பெரியவள், "அப்பா, அம்மாவுக்கு நீங்க ஒரு பல்லுப்பொடி செஞ்சீங்களாமே, மாமா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு, என்ன அது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. மாமா சொல்லும் கதையில் நான் ஒரு முட்டாள். அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பாதியைத்தான் பார்த்தார். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். நான்கு வருஷம் மட்டும் பள்ளிக்கூடம் போனவன் எழுதுவது இது. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அப்போது கண்டிக்கு ரயில் வரவில்லை. மலை முழுவதும் கோப்பி. கட்டுகஸ்தோட்டையில், மகாவலிக்கு இந்தக் கரையில், கிராமத்து ஆட்கள் கொண்டுவரும் நாட்டுக் கோப்பியை வாங்கிக் காயவைத்து, உரலில் குத்தி உமி நீக்கி, மூட்டை கட்டி அனுப்பும் சின்னக் கிடங்கு ஒன்று இருந்தது. அங்கே களம் பார்ப்பது என் வேலை. வானம் கறுத்தால் "அள்ளுங்க, அள்ளுங்க" என்று கத்த வேண்டும். வெயில் வந்தால் "பரப்புங்க" என்று கத்த வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் சம்பளம். கிடங்குக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. உங்கள் மாமா, அம்மாவுக்கு மூத்தவர், அப்போதே மாட்டு வண்டிக்காரர். கோப்பி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குவார், வரும்போது அரிசியோ உப்போ ஏற்றிக்கொண்டு வருவார். போய்வர மூன்று வாரம் ஆகும். மழைக் காலமென்றால் அதற்கும் மேலே.

பெரியவளுக்கு அப்போது நான்கு வயது. தம்பி ஏழு மாதக் குழந்தை. கடைசியவள் இன்னும் பிறக்கவில்லை.

முதலில் அம்மாவுக்குக் கால் வீங்கியது. மெட்டி விரலை இறுக்குகிறது என்று சவர்க்காரம் பூசிக் கழற்றினோம். நடந்து நடந்து வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு காலையில் எழும்போது முகமும் வீங்கியிருந்தது. "கண்ணாடி பார்த்தா எங்க பெரியம்மா மாதிரி இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள். ஆற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். அதற்கு முந்திய மழைக்குத்தான் களத்தில் கோப்பி பொறுக்க வந்த ஒரு பெண் இதேபோல் வீங்கி, மூச்சு வாங்கி, ஒரு மாதத்தில் போய்விட்டாள். அந்தப் பேச்சை வீட்டில் நாங்கள் இருவரும் எடுக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் அதே நினைப்புத்தான். தம்பிக்குப் பாலும் குறைந்துபோனது.

மடவளையில் ஒரு வைத்தியர் இருந்தார். நீர் வீக்கத்துக்குப் பேர்போனவர். முஸ்லிம் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும், வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் செங்கல் நிறம். மாமாவின் வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனோம். அவர் அம்மாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அந்தக் குழி நிரம்பும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பது நாள் மருந்து" என்றார். "காலையில கஷாயம், அந்திக்கு ஒரு உருண்டை. மருந்து என்ட வேல. பத்தியம் ஒங்கட வேல. உப்பு வாணாம். ஒரு கல்லும் வாணாம். புளி வாணாம், கடுகு வாணாம், நல்லெண்ணெ வாணாம், மீன் எறச்சி வாணாம். பாகக்கா, அகத்தி, கசப்பு ஒண்டும் வாணாம், கசப்பு மருந்த முறிச்சிரும். வெளங்குதா மகள்?"

"அப்ப என்னதான் சாப்பிடறது?" என்று அம்மா கேட்டாள்.

"சோறு ஈக்குது. பாசிப்பயறு ஈக்குது. பசுப்பால் ஈக்குது. அல்லா குடுத்த தண்ணி ஈக்குது."

"உப்பில்லாம சோறு எறங்குமா ஐயா?"

"எறங்கோணும். சோறு எறங்கினாத்தான் மருந்து நிக்கும். நடுவுல உப்பு பட்டா முதல்ல ஈந்து தொடங்கோணும். இன்னொரு தரம் நாப்பது நாளுக்கு இந்த ஒடம்பு தாங்குமெண்டு என்னால சொல்லேலா."

கடைசி வார்த்தையை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை ஒப்பித்துக்கொண்டேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன்.

"ஐயா, பல்லு எதால வெளக்குறது?"

"இப்ப எதால வெளக்குறா?"

"வேப்பங்குச்சி."

"வேம்பு கசப்பில்லையா? வாணாம்."

"அப்ப உப்பும் கரியும்?"

"இவ்வளவு நேரம் நான் யாருக்கு உப்பு உப்பெண்டு கத்தினேன்?"

"உப்பில்லாம கரி மட்டும்?"

"எந்தக் கரி? அடுப்புக் கரியில கொழம்பு கொதிச்சு ஊத்தியிருக்கும். அதுல உப்பு ஈக்குது."

"சும்மா வாய் கொப்பளிச்சா?"

"ஏலா. உருண்ட பல்லுல ஒட்டும். தேய்க்காட்டி பல்லு முரசு புண்ணாகும், வாய் நாறும், பொறகு சோறு எப்படி எறங்கும்?" என்று சொல்லிவிட்டு, முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற மாமாவைக் கூப்பிட்டார். "மச்சான்காரர், இவர கூட்டிக்கொண்டு போங்க. இன்னும் கொஞ்சம் நிண்டா எனக்கே பத்தியம் சொல்லுவார்."

மாமா வழி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார். "ஊருல எவனாச்சும் வைத்தியர்கிட்ட போயி பல்லுக்கு என்னான்னு கேப்பானா மாப்ள?"

ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று. வைத்தியர் சொன்னபடியே நடந்தது. ஐந்தாம் நாள் அம்மாவின் பல் ஓரமெல்லாம் கறுத்தது. முரசுச் சதை தடித்து, தொட்டால் வலித்தது. ஆலம் விழுதை நறுக்கிக் கொடுத்தேன். அது துவர்ப்பு, பத்தியத்துக்கு ஒத்ததுதான். இரண்டு இழுப்பில் ரத்தம் வந்துவிட்டது. ஏழாம் நாள் காலையில் அம்மா தட்டில் இருந்த சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

"வாயில வைக்க முடியலங்க. வாயே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. சோத்துல உப்பு இல்ல, வாயில சுத்தம் இல்ல."

அன்று அவள் தின்றது நான்கு கவளம். மறுநாள் இரண்டு.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. களத்தில் ஒரு நாள் லீவு கேட்டு, தோணியில் ஆற்றைக் கடந்து கண்டி டவுனுக்கு நடந்தேன். துரைமார் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் நின்றார். பல்லுக்குப் போடுகிற மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், கிடக்கு" என்று ஒரு வெள்ளைப் பீங்கான் டப்பியை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே ரோசாப்பூ நிறத்தில் ஒரு களிம்பு. நல்ல வாசம்.

"இதுல உப்பு இருக்கா அண்ணே?"

"இருக்காது எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்காதீங்க அண்ணே, வாசிச்சுப் பாருங்க."

அவர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன போட்டது எண்டு இதில எழுதேல்லை. பல்லு முத்து மாதிரி வரும் எண்டுதான் எழுதிக் கிடக்கு. சுண்ணாம்பும் எலும்புச் சாம்பலும் போடுறவை எண்டு கேள்வி."

"எந்த எலும்பு?"

"அண்ணை, எலும்பு எலும்புதானே. மாட்டைக் கேட்டே சொல்லேலும்?"

மாமிசம் ஆகாதென்றால் எலும்பும் ஆகாது. டப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பிரஷ் ஒன்றைக் காட்டி, மருந்தே வேண்டாம், தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும் என்றார். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். மெதுவாகத்தான் இருந்தது.

"இது என்ன நாரு?"

"நாரில்லை. பண்டி மயிர்."

பன்றி மயிரால் பல் விளக்கினோம் என்று மடவளை வைத்தியரிடம் போய் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். பிரஷையும் வைத்துவிட்டு வந்தேன்.

தோணியில் திரும்பி வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் நெல் உமியைக் கரியாக்கிப் பல் துலக்குவார்கள் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். இங்கே எங்களுக்கு அரிசியாகத்தான் மூட்டையில் வந்து இறங்கும், உமியைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆனால் கிடங்கின் பின்னால் என்ன குவிந்து கிடக்கிறது? கோப்பி உமி. யாரும் சமைக்காதது, யாரும் தின்னாதது, உப்போ புளியோ ஒருநாளும் படாதது. என் தலைமாட்டிலேயே மலையாக இருந்ததை விட்டுவிட்டு டவுன்வரை போயிருக்கிறேன்.

அன்றே கைலேஞ்சித் துணியில் ஒரு முடிச்சு உமி எடுத்தேன். வீட்டுச் சட்டியில் வறுக்கவில்லை, அதில் குழம்பு ஊறியிருக்கும். புதுச் சட்டி வாங்கினேன். அம்மியை ஆற்று மணல் போட்டு ஏழு தரம் கழுவினேன். உமியைக் கரியாக்கி, அரைத்து, வேட்டித் துணியில் சலித்து, ஒரு சிட்டிகையை முதலில் என் பல்லில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன்.

"எப்படி இருக்கு?"

"மண்ணு."

"மண்ணுன்னா?"

"மழைக்கு முந்தின மண்ணு. பரவாயில்ல, வலிக்கல."

வலிக்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. முரசு மெல்ல ஆறியது. ஆனால் சோறு இறங்குவது அதே நான்கு கவளம்தான். தம்பி பாலுக்கு அழுது, நான் ஆட்டுப்பால் தேடி அலைந்த நாட்கள் அவை. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "இன்னொரு வாய்" என்பேன். "நீங்க வேணா தின்னுங்க" என்பாள்.

முதல் பொடி முடியும் முன்பே நிறைய உமி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டால் குவியல் நனைந்து புளித்துவிடும். லேஞ்சி போதாது. மாமா கொழும்புக்கு இறங்கிப் போயிருந்தார். அவருடைய வண்டிக் கொட்டகையில் காலிச் சாக்கு ஒன்று தொங்கியது. எடுத்து மூன்று தரம் உதறினேன். அதில் உமியை நிறைத்து எங்கள் அடுப்படிக் கூரையில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வாரம் விடாமல் மழை. அடுப்படியெல்லாம் ஈரம். சாக்கும் ஈரம். வெயில் வந்த அன்று உமியைக் காயவைத்து, அதே புதுச் சட்டியில் கரியாக்கி, அரைத்துச் சலித்துக் கொடுத்தேன். இந்தத் தரம் நான் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. முதல் தரம் பார்த்தாயிற்றே.

அம்மா விரலில் தொட்டு முன்பல்லில் தேய்த்தாள். தேய்த்த விரல் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"என்ன, இதுவும் மண்ணா?"

"இல்ல. இது நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா!"

"நல்லா அரைச்சிருக்கீங்க" என்றாள்.

அன்று அந்திக்குத் தட்டில் வைத்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். நான் நம்பாமல் தட்டை எடுத்துப் பார்த்தேன். மறுநாளும் அப்படித்தான். சாப்பிடுவதற்கு முன்னால் பல் விளக்குவாள், சாப்பிட்டு எழுந்து விளக்குவாள், அந்திக்கு உருண்டை விழுங்கிவிட்டு விளக்குவாள். பொடியைச் சின்னச் சிரட்டையில் போட்டு, பெரியவள் கை படாமல் உயரத்தில் வைத்தாள். வாய் சுத்தமாக இருந்தால் பசி வரும் என்று களத்துப் பெண்களிடம் நான் பிரசங்கம் பண்ணினேன். "ஒங்களுக்கும் அரைச்சுத் தரவா?" என்றேன். "நீங்க கத்துறத நிறுத்தினாலே எங்களுக்குப் பசி வரும்" என்றார்கள். ஆனாலும் எனக்கு அந்த நாட்களில் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. முகத்து வீக்கம் வடிந்தது. தம்பி ஆட்டுப்பாலைத் துப்ப ஆரம்பித்தான், அவனுக்குத் தாய்ப்பால் போதுமாகிவிட்டது.

இருபத்தாறாம் நாள் மாமா கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நேரே களத்துக்கு வந்தார்.

"மாப்ள, கொட்டாயில இருந்த சாக்கு எங்க?"

"நான்தான் எடுத்தேன் மச்சான். பல்பொடிக்கு உமி கட்டினேன்."

"எந்தச் சாக்குல?"

"அந்தத் தொங்கின சாக்குலதான்."

"யோவ், அது உப்புச் சாக்குய்யா! போன நடையில உப்பு ஏத்திட்டு வந்தது. அடியில ஒரு படி உப்பு ஒட்டிக் கெடந்துச்சே, சொரண்டி எடுக்கலாம்னுதானே மாட்டி வச்சேன்!"

என் காதில் அதற்குமேல் விழவில்லை. அன்று மழை வந்திருந்தால் களத்துக் கோப்பி முழுவதும் போயிருக்கும். நான் ஓடிவிட்டேன். வீட்டுக்குள் போய்ச் சிரட்டையை எடுத்து, பொடியை நாக்கில் வைத்தேன். உப்பு. மழைக்குச் சாக்கில் உப்புக் கரைந்து, உமி முழுக்க ஊறி, சட்டியில் வறுபட்டும் போகாமல், அப்படியே உப்பு.

உங்கள் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் நாக்கு கறுத்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"இது உப்பு" என்றேன்.

"ஆமாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"நாக்கு எனக்குந்தானே இருக்கு."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த? முதல்ல இருந்து தொடங்கணும்னு அவர் சொன்னது உன் காதுல விழலையா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?" நான் சத்தம் போட்டதில் தம்பி அழுதான். உங்கள் அம்மாவிடம் நான் அப்படிக் கத்தியது அந்த ஒரு தரம்தான்.

அவள் அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள். பிறகு மெதுவாக, "நீங்கதான் போட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானா?"

"நாலு வாய்கூட எறங்காம நான் கெடந்தேனே. மனசு கேக்காம, பல்லுக்குத்தானே, துப்பத்தானே போறேன்னு நீங்களே ஒரு சிட்டிகை உப்பு போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும். அதான் கேக்கல."

ஆமாம், நான்தான் போட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் வாசலில் மாமா வந்து நின்றுவிட்டார்.

"இல்ல புள்ள" என்றேன். "சாக்கு. ஒங்க அண்ணன் சாக்கு."

அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கறுத்த நாக்கைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். தம்பியும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். மாமா பார்த்தது இந்தச் சிரிப்பைத்தான். அதனால்தான் அவருக்கு இது சிரிப்புக் கதை.

மறுநாள் காலையில் மடவளைக்குப் புறப்பட்டோம். வண்டியில் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சொல்லாம விட்டுருங்க. இதோ வடிஞ்சிருக்கே. இன்னும் பதினாலு நாளுதான். முதல்ல இருந்துன்னா என்னால முடியாதுங்க. சத்தியமா முடியாது."

பொடியை ஒரு இலையில் மடித்து மடியில் வைத்திருந்தேன். சொல்லாவிட்டால் மருந்து முறிந்திருந்தும் தெரியாமல் போகும். சொன்னால் இன்னொரு நாற்பது நாள். களத்தில் செத்துப்போன அந்தப் பெண்ணின் கால்கள்தான் வழி முழுக்க என் கண்ணில் நின்றன.

வைத்தியர் பெருவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அவர் வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றுவதற்குள் நிரம்பிவிட்டது.

"நல்லம்" என்றார். "உப்பு படல்லையே?"

அம்மா தரையைப் பார்த்தாள். நான் இலையை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். உமி, சட்டி, சாக்கு, மழை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கடுத்தது. பொடியைத் தொட்டு நாக்கில் வைத்து, முற்றத்தில் துப்பினார்.

"ஒரு நாளைக்கி எத்தன தரம் மகள்?"

அம்மா மெல்ல, "அஞ்சு" என்றாள்.

"அஞ்சா! தொழுகைக்கு அஞ்சு நேரம் வாய் கழுவுறவன் நான். எனக்கே போட்டியா?" அவர் சிரிக்காமல்தான் கேட்டார். "துப்பினீங்களா, முழுங்கினீங்களா?"

"துப்பினேன்."

"எல்லாத்தையும்?"

"ராவைக்கு மட்டும் கொஞ்சம்…"

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் மறுபடி அவள் காலை அழுத்தினார், கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார், நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"மருந்து முறியல்ல" என்றார் கடைசியில். "உப்பு கெடுத்தத, சோறு தாங்கியிருக்கு. அதுக்காக நல்லதெண்டு சொல்ல மாட்டேன். முதல்ல ஈந்து வாணாம். மிச்சம் பதினாலு நாளோட பத்து நாளக் கூட்டுங்க. இருபத்தினாலு நாள். இந்தப் பொடிய வீட்டுல வைக்க வாணாம். வேற சாக்குல உமி எடுங்க."

"அது மண்ணு மாதிரி இருக்குமே ஐயா" என்றாள் அம்மா, எழுந்து நிற்கும் தெம்பு வந்ததும்.

"கறுவாப்பட்ட கொஞ்சம் இடிச்சுப் போடுங்க. மண்ணு மணக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா இந்தப் பத்து நாள் கூடியிருக்காது. பதினஞ்சாம் நாள் உப்புச் சோறு திண்டு, பொறகு திரும்ப வீங்கியிருக்கும். அப்ப எனக்கிட்ட மருந்து இல்ல."

வண்டியில் அம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கட்டுகஸ்தோட்டை நெருங்கும்போது, "கறுவா வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த இருபத்துநான்கு நாளும் நல்லபடியாகப் போயின என்று எழுதினால் பொய். ருசி தெரிந்த நாக்குக்கு இரண்டாம் தரம் பத்தியம் இன்னும் கஷ்டம். கறுவாப் பொடியைத் தேய்த்துவிட்டு, "பல்லுக்கு நல்லது, மனுசிக்குத்தான் ஆகாது" என்பாள். சோற்றைக் கையில் எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள், மூடியபடியே விழுங்குவாள். சில நாள் கோபத்தில் தட்டைத் தள்ளுவாள். தள்ளிவிட்டுத் தம்பியைப் பார்ப்பாள். பிறகு தட்டைத் தானே இழுத்துக்கொள்வாள். நான் செய்தது எதுவுமில்லை. அவள்தான் தின்றாள், அவள்தான் பிழைத்தாள். கடைசி வாரத்தில் மெட்டி திரும்ப விரலில் ஏறியது.

ஐம்பது நாளும் முடிந்த மறுநாள் காலையில் வைத்தியர் கிடங்குப் பக்கம் வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பினார், பத்தியம் முடிந்தது, இன்று முதல் உப்புச் சேர்க்கலாம் என்று. அம்மா அப்போதே பருப்பு வேகவைத்து, உப்புப் போட்டு, தாளித்து, எங்கள் எல்லோருக்கும் பரிமாறினாள். மாமா, "மொத வாய் நீ வையி" என்றார். அவள் வைத்தாள். நாங்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கூடிப்போச்சு" என்றாள்.

மாமா தட்டில் சோறு சிந்தச் சிரித்தார். அம்மா அந்தக் கூடிப்போன உப்பிலேயே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு தம்பியை அணைத்துக்கொண்டு பட்டப்பகலில் படுத்து, அசையாமல் தூங்கிவிட்டாள். மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். பெரியவளும் அவர் பின்னால் போனாள்.

நான் பாத்திரங்களைக் கழுவலாம் என்று அடுப்படிக்குப் போனேன். மூலையில் ஒரு சின்னச் சட்டி மூடியிருந்தது. சேதி வருவதற்கு முன், பழக்கத்தில், அவள் தனக்கென்று விடியற்காலையில் வைத்த பத்தியச் சோறும் பயறும் அது. தொடாமல் அப்படியே இருந்தது. இந்த ஐம்பது நாளும் நான் மத்தியானம் கிடங்கில் கருவாடும் சோறும் தின்றேன். அந்திக்கு அவள் எதிரில் உட்கார்ந்து "இன்னொரு வாய், இன்னொரு வாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தின்றதை ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். மூன்றாவது கவளத்திலேயே தொண்டை மறுத்தது. உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. சட்டி காலியாகும்வரை மெதுவாகத் தின்று முடித்தேன். பிறகு சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோப்பி அள்ளக் களத்துக்குப் போனேன்.